குழாயில் தங்கிய கரு

நான் ஆறாவது படிக்கும்போது எங்க தெரு அக்கா ஒருத்தருக்குத் திடீரென்று அடிவயிற்றில் வலி வந்தது. நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. சூட்டு வலி என்று மோரில் வெந்தயம் போட்டுக் கொடுத்தார்கள். சாயங்காலம் தோள்பட்டையும் வலிக்குது என்றவர், அப்படியே மயங்கி விழுந்துட்டார். அன்னைக்கு ராத்திரியே மதுரை பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன். 'குழாயில் கர்ப்பம்' என்றார்கள். அப்போது புரியவில்லை. இப்போது படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். பையன்களும் சிரிக்காமல் படிக்கவும்.

கருப்பை, தலைகீழாக வைத்த பேரிக்காய் மாதிரி இருக்கும். நீளம் சுமார் 7 செ.மீ. அதன் மேல்பகுதியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குழாய் உண்டு. இதுதான் அண்டநாளம். 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியைச் சேர்ந்த ஃபெலோப்பியோ இதை விவரித்ததால் ஃபெலோப்பியன் குழாய் என்றும் சொல்வார்கள். நீளம் 10 செ.மீ. இருந்தாலும், கருப்பையோடு சேரும் இடத்தில் உள்துவாரம் 1 மி.மீ. அளவுதான். ஒரு குண்டூசி நுழையலாம்!

கரு உண்டாவது கருப்பையில் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது தப்பு. அண்டகத்திலிருந்து வரும் முட்டையைக் குழாயின் விரல் போன்ற நுனி பிடித்து உள்ளே விடும். கரு உண்டாவது அங்கேதான். அதற்குத் தானாக நகரத் தெரியாது. குழாய்க்குள் இருக்கும் நுண்ணிய இழைகள், காற்றில் நெற்பயிர் அசைவது போல அசைந்து தள்ளிவிடும். கருப்பைக்கு வந்துசேர நாலைந்து நாள் ஆகும்.

கிருமியாலோ காசநோயாலோ முன்பு செய்த ஆபரேஷனாலோ குழாயில் தழும்பு இருந்தால், கரு வழியிலேயே தங்கிவிடலாம். சிலருக்குக் காரணமே தெரியாது. கருப்பை விரிவது போல் குழாய் விரியாது. பெரும்பாலும் 6 முதல் 8 வாரத்தில் வெடித்து, ரத்தம் வயிற்றுக்குள்ளேயே கொட்டும். வெளியே கொஞ்சம்தான் தெரியும், அதனாலதான் யாரும் பயப்படுவதில்லை. அந்த ரத்தம் உதரவிதானத்தைத் தொடும். அதன் நரம்பும் தோள்பட்டை நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து வருவதால், மூளை தோள்தான் வலிக்குது என்று ஏமாந்துவிடும்!

1883-ல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் லாசன் டெய்ட் என்ற மருத்துவர், வெடித்த குழாயை எடுத்து ஒரு பெண்ணைக் காப்பாற்றினார். அதற்கு முன் பெரும்பாலும் சாவுதான். இப்போது ஸ்கேனிலும் ரத்தப் பரிசோதனையிலும் சீக்கிரம் தெரிந்தால் சிலருக்கு ஊசி மருந்திலேயே சரியாகும். ஆனால் அந்தக் கருவை எடுத்துக் கருப்பையில் வைக்க முடியாது. நாள் தள்ளிப்போனவருக்கு அடிவயிறு ஒரு பக்கமாக வலித்தாலோ, தலை சுற்றினாலோ கை வைத்தியம் பார்க்காமல் 108-க்குப் போன் செய்யணும்.

"ஒரு குழாய் போச்சு, இனி அவளுக்குப் பிள்ளை ஏது?" என்று தண்ணிக் குழாயடியில் பேசினார்கள். இன்னொரு குழாய் நன்றாக இருந்தால் போதும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. போன மாதம் அந்த அக்காவின் பாப்பாவுக்கு அழகர்கோவிலில் மொட்டை போட்டார்கள். நானும் போயிருந்தேன்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி