பழைய கம்பியூட்டரில் முகம் பார்த்துப் பேசுவது எப்படி?



இடப்பெயர்வு ஒரு குடும்பத்தைப் பல இடங்களில் சிதறவிடுகிறது. தாய் சித்தாண்டியில், மகன் கொழும்பில், மகள் மத்திய கிழக்கில். வயலைக் குத்தகைக்குக் கொடுப்பதா, கடன் எடுப்பதா என்ற முடிவை ஒருவர் தனியே ரெலிபோனில் கேட்டுவந்து மற்றவர்களுக்குச் சொல்கிறார். எல்லோரும் ஒரே நேரத்தில் முகம் பார்த்துப் பேசினால், பெண்களின் குரலும் முதியோரின் குரலும் விடுபடாது. சங்க மண்டபத்தில் தூசி படிந்து கிடக்கும் கம்பியூட்டர் இதற்கு உதவுமா?

விண்டோஸ் எக்ஸ்பி உள்ள கம்பியூட்டரில் நெற்மீற்றிங் என்னும் மென்பொருள் உள்ளேயே இருக்கிறது. மைக்ரோசொப்ட் நிறுவனம் இதை 1996இல் வெளியிட்டது. 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டாவில் இது நீக்கப்பட்டது.

அமைக்கும் முறை:

1. கமராவையும் ஒலிவாங்கியையும் பொருத்துங்கள்.
2. இரண்டு கம்பியூட்டர்களை நெற்வேர்க் கேபிளால் இணையுங்கள்.
3. ஸ்டார்ட், பின் ரன் என்பதை அழுத்துங்கள். சி, ஓ, என், எப் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைத் தட்டி என்டர் கொடுங்கள். மெனுவில் இதன் பெயர் தெரியாததால் இந்த வழி வேண்டியிருக்கிறது.
4. பெயரைப் பதியுங்கள். டிரெக்டரி சேர்வரில் சேரும்படி கேட்டால் அந்த அடையாளத்தை எடுத்துவிடுங்கள். அச்சேவை இப்போது இல்லை.
5. ஒலியைச் சோதியுங்கள்.
6. ஹெல்ப் மெனுவில் அபௌட் என்பதைத் திறந்தால் அந்தக் கம்பியூட்டரின் ஐபி இலக்கம் தெரியும். அதை மற்றக் கம்பியூட்டரில் தட்டி அழையுங்கள். தடுப்புச் செய்தி வந்தால் அனுமதி கொடுங்கள்.

இதன் எல்லையையும் அறிந்துகொள்ள வேண்டும். படமும் குரலும் ஒரு நேரத்தில் இருவருக்கிடையே மட்டுமே செல்லும். எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலில் நின்றுவிட்டன. ஆகவே அதை இணையத்தில் இணைக்காதீர்கள். கமராவுக்கு முன் கூச்சமின்றிப் பேசப் பழகும் வகுப்புக்கு இரண்டு அறைகளுக்கிடையே இதனைப் பயன்படுத்துவதே பொருத்தம்.

வெளிநாட்டிலுள்ள பிள்ளையுடன் பேச, கைத்தொலைபேசியோ சற்றுப் புதிய கம்பியூட்டரோ வேண்டும். அதில் கூகுள் மீற் அழைப்பின் இணைப்பை அழுத்தி, கமராவுக்கும் ஒலிவாங்கிக்கும் அனுமதி கொடுத்தால் போதும். அழைப்பவருக்குக் கூகுள் கணக்கு இருக்க வேண்டும். மூவரோ அதற்கு மேற்பட்டோரோ சேரும் இலவச அழைப்பு ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். பேச வேண்டியதை முன்பே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். படம் தடைப்பட்டால் கமராவை நிறுத்துங்கள், குரல் தெளிவாகும்.

ஒரு எச்சரிக்கை: அறியாதவர் அனுப்பும் இணைப்பைத் திறக்காதீர்கள். அடையாள அட்டை, காணி உறுதி, வங்கிப் புத்தகம் ஆகியவற்றைக் கமராவுக்கு முன் காட்டாதீர்கள்.

குழுவில் கலந்துரையாட:

- நமது குடும்பத்தில் யாரைக் கேளாமல் முடிவுகள் எடுக்கப்படுகின்றன?
- அடுத்த அழைப்பில் யார் முதலில் பேச வேண்டும்?
- நமது இளைஞர்களில் யார் இதை மற்றவர்களுக்குப் பழக்குவார்?