கவிதைத் தொகுப்பை வாசிக்க: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

நாகர்கோவிலில் கவிதை வாசிக்க ஆசைப்படுகிறவருக்குப் புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. காலச்சுவடு பதிப்பகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. குமரி மாவட்டக் கவிஞர்களின் தொகுப்புகளே ஓர் அலமாரித் தட்டை நிறைக்கும். ஆனாலும் நாவல்களை விரும்பிப் படிக்கிற பலர் கவிதை என்றதும் "நமக்குப் புரியாது" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் படிந்த வாசிப்புப் பழக்கம்தான் காரணம். அதை மாற்றிக்கொள்ள முடியும்.

செய்ய வேண்டியவை

• வாய்விட்டு வாசியுங்கள். எதுகை மோனை இல்லாததால் புதுக்கவிதையில் ஓசையே இல்லை என்று ஆகிவிடாது. வரி முறியும் இடத்தில் ஒரு கணம் நில்லுங்கள். கவிஞர் ஏன் அங்கே முறித்தார் என்பது காதுக்குத் தெரியும். கோயில் கொடையில் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்ட ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. என்.டி. ராஜ்குமாரின் 'தெறி', 'ஒடக்கு' போன்ற தொகுப்புகளை வேறெப்படியும் வாசிக்க முடியாது என்றே சொல்வேன். நாட்டார் தெய்வங்களும் மந்திரவாதமும் மலையாளம் கலந்த பேச்சும் சேர்ந்து பிறந்த மொழி அது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண்ணின் பேச்சு. வெளியூர் வாசகர் அகராதியைத் தேடும் முன், இந்தப் பக்கத்து ஆள் ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். பாதி விளங்கிவிடும்.

• ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கவிதைகள் போதும். சுந்தர ராமசாமி 'பசுவய்யா' என்ற பெயரில் கவிதை எழுதத் தொடங்கியது 1959இல், சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' பத்திரிகையில். 1996இல் வந்த அவருடைய தொகுப்பின் பெயர் '107 கவிதைகள்'. அத்தனை ஆண்டுகளில் சேர்ந்த புத்தகத்தை ஒரே ரயில் பயணத்தில் முடித்துவிட்டு, மனதில் ஒன்றும் ஒட்டவில்லை என்று சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம்.

• கவிஞர் அடுக்கிய வரிசையில் ஒருமுறையாவது வாசியுங்கள். முன்னால் வந்த வீடோ மரமோ பின்னால் ஒரு கவிதையில் வேறு முகத்தோடு வரும். பத்திரிகையில் ஒற்றைக் கவிதையாகப் படிக்கும்போது இது கிடைக்காது.

• யாரிடமிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால், குமரி மாவட்டத்துக்காரரான ராஜமார்த்தாண்டன் தொகுத்த 'கொங்குதேர் வாழ்க்கை' இரண்டாம் பாகத்தை எடுங்கள். பிடித்த பெயர்களைக் குறித்துக்கொண்டு, அவர்களுடைய தனித்தொகுப்புகளுக்குப் போங்கள்.

செய்யக்கூடாதவை

• "கவிதை என்ன சொல்ல வருகிறது?" என்பதை முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். அது கோனார் உரை பழக்கிவிட்ட கேள்வி. எந்த வரியில் நின்றோம், எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். பொருள் தாமதமாக வரட்டும்.

• முன்னுரையை முதலில் படிக்க வேண்டாம்.

• கவிதையில் வரும் 'நான்' எழுதியவர்தான் என்று முடிவுகட்டாதீர்கள். பெண் கவிஞர்களுக்கு இதனால் நேர்ந்த தீங்கு அதிகம். சல்மாவின் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்', சுகிர்தராணியின் 'இரவு மிருகம்' போன்ற தொகுப்புகள் வந்த காலத்தில், உடலைப் பற்றிய வரிகளை மட்டும் பொறுக்கியெடுத்துப் பெண் கவிஞர்களைப் பழித்தார்கள். அந்த வரிகளைச் சுற்றியிருந்த தனிமையும் கோபமும் அவர்கள் கண்ணில் படவில்லை. தக்கலைக்காரரான ஹெச்.ஜி. ரசூலின் 'மைலாஞ்சி'யும் சர்ச்சையாகப் பேசப்பட்ட அளவுக்குக் கவிதையாக வாசிக்கப்படவில்லை. இன்றைக்காவது அதைக் கவிதையாக வாசிக்க வேண்டும்.

• ஒருவருடைய நாவலை வைத்து அவருடைய கவிதையை அளக்காதீர்கள். சுந்தர ராமசாமியின் நாவலான 'ஒரு புளியமரத்தின் கதை'யில் உள்ள கலகலப்பை பசுவய்யாவிடம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

• பிடிக்காத தொகுப்பை உடனே யாரிடமாவது தள்ளிவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து, நடுவில் எங்காவது திறந்து இரண்டு பக்கம் வாசியுங்கள். அப்போதும் ஒட்டவில்லையென்றால் விட்டுவிட்டு அடுத்த கவிஞரை எடுங்கள்.