கரிசலில் வெள்ளை ஒயின் திராட்சை வருமா?

கேள்வி: ஐயா, எப்போதும்வென்றானில் எங்களுக்கு ஆறு ஏக்கர் கரிசல் இருக்கிறது. உளுந்து, பாசி, மக்காச்சோளம், மிளகாய் என்று எல்லாம் மானாவாரிதான். ஓர் ஏக்கருக்கு மட்டும் கிணறு உண்டு. தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும். ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மகன், அங்கே 'சோலாரிஸ்' என்று ஒரு வெள்ளைத் திராட்சை இருக்கிறது, பூஞ்சாண நோய் அண்டாது, மருந்தே அடிக்க வேண்டாம், ஒயினுக்கு நல்ல விலை போகும் என்கிறான். ஊருக்கு வரும்போது குச்சி கொண்டுவரவா என்று கேட்கிறான். நம் மண்ணுக்கு ஆகுமா?

பதில்: முதலில் மகனுக்கு போன் போட்டு, குச்சி எதுவும் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெளிநாட்டு நடவுப்பொருளை இறக்குமதி அனுமதி இல்லாமலும், தனிமைப்படுத்திச் சோதிக்காமலும் நாட்டுக்குள் கொண்டுவர 2003ஆம் ஆண்டு மத்திய அரசு ஆணை இடம் தரவில்லை. வீண் கெடுபிடி என்று நினைக்காதீர்கள். திராட்சையின் பூஞ்சாண நோயான அடிச்சாம்பல் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்ததே அமெரிக்கத் திராட்சைக் கொடிகளோடுதான். வேர்ப்பேன் தொல்லைக்குத் தீர்வாக அந்தக் கொடிகளை இறக்கினார்கள். 1878இல் பிரான்ஸில் இந்தப் புது நோய் தலைகாட்டியது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை 1885இல் பிறந்தது அந்த நெருக்கடியில்தான்.

மகன் சொன்னதில் பாதி உண்மை. சோலாரிஸ் நல்ல ரகம். ஜெர்மனியின் ஃப்ரைபர்க் திராட்சை ஆராய்ச்சி நிலையத்தில் நோர்பர்ட் பெக்கர் 1975இல் செய்த ஒட்டுக்கலப்பு அது. அதன் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கு ஆசியாவின் ஆமூர் நதிப் பக்கத்துக் காட்டுத் திராட்சையிலிருந்து வந்தது. அடிச்சாம்பல் கிருமி இலையின் அடிப்பக்கத் துளை வழியாக நுழையும். உயிருள்ள செல்லில் மட்டுமே அதனால் பிழைக்க முடியும். இந்த ரகத்தில் கிருமி தொட்ட இடத்துச் செல்கள் தாமாகவே மடிந்துவிடும். இரை கிடைக்காமல் கிருமியும் அங்கேயே சாகும். இலையில் சின்னப் பொட்டு விழும், அவ்வளவுதான்.

ஆனால் 'மருந்தே வேண்டாம்' என்பதை ஏற்க முடியாது. சாதா ரகத்துக்குப் பத்துத் தடவை தெளிக்கிறவர்கள் இதற்கு இரண்டு மூன்று தடவையாவது தெளிக்கத்தான் செய்கிறார்கள். தெளிக்காமலே விட்டால் கிருமி பழகிக்கொள்ளும். 'பியாங்கா' என்ற இன்னொரு எதிர்ப்பு ரகத்தின் காப்பை ஒரு கிருமி வகை உடைத்துவிட்டதை 2010இல் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய சங்கதி வெயில். சோலாரிஸ் சீக்கிரமே பழுத்து, சர்க்கரை ஏறும். டென்மார்க், ஸ்வீடன் போன்ற குளிர் நாடுகளுக்கு அது வரம். நமக்கு அதுவே வினை. இரவிலும் சூடு இறங்காத ஊரில் பழத்தின் புளிப்பு எரிந்துபோகும். புளிப்பில்லாத வெள்ளை ஒயின் சப்பென்றுதான் இருக்கும்.

நம் நாட்டிலேயே செய்த ரகங்கள் இருக்கும்போது ஜெர்மனி வரை போவானேன்? பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் 'அர்கா சோமா', அனாப்-இ-ஷாகியையும் 'குவீன் ஆஃப் வைன்யார்ட்ஸ்' ரகத்தையும் கலந்தது. பச்சை மஞ்சள் பழம், பன்னீர் வாசம். இனிப்பு வெள்ளை ஒயினுக்கென்றே சொல்லப்படுவது. அடிச்சாம்பல், சாம்பல், பறவைக்கண் ஆகிய மூன்று நோய்களையும் ஓரளவு தாங்கும் என்று பேர் வாங்கியது. பெங்களூரு ப்ளூவையும் அனாப்-இ-ஷாகியையும் கலந்த 'அர்கா ஹன்ஸ்' இன்னொரு வெள்ளை ஒயின் ரகம். புனே அகார்கர் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'ஏ.ஆர்.ஐ. 516' 'கட்டாபா' என்ற அமெரிக்க ரகத்தின் வாரிசு. பூஞ்சாணத்தை நன்றாகத் தாங்கும், 110 முதல் 120 நாளில் பழுக்கும். ஆனால் அது கருப்புப் பழம். சாறு, ஜாம், சிவப்பு ஒயினுக்குத்தான் ஆகும்.

இப்போது உங்கள் நிலத்துக்கு வருவோம். எப்போதும்வென்றானில் திராட்சைக்கு முதல் எதிரி பூஞ்சாணம் அல்ல. அடிச்சாம்பலுக்கு இலை நனைந்தே கிடக்க வேண்டும். உங்கள் பக்கம் அப்படி நனைவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். மார்கழி கடைசியிலோ தையிலோ கவாத்து செய்தால் சித்திரை, வைகாசியில் பழம் இறங்கிவிடும். மழைக்காலத்தில் கொடியில் முற்றிய இலைதான் நிற்கும். இளந்தளிரும் பிஞ்சும் மழையில் மாட்டாமல் பார்த்துக்கொண்டால் பாதி மருந்துச் செலவு மிச்சம். இலை நனையாமலே வரும் சாம்பல் நோய்க்கு மட்டும் பந்தலை அடர விடாமல், காற்றும் வெளிச்சமும் புகும்படி கிளை கழிக்க வேண்டும். தேனி மாவட்டக் கம்பத்துத் திராட்சைக்காரர்களின் கஷ்டம் வேறு. அங்கே ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் பிஞ்சு நிற்கும். தென்மேற்குச் சாரலும் எட்டிப் பார்க்கும்.

ஆனால் உங்கள் பக்கத்துக் கவாத்துக் கணக்கு கேட்கும் விலை தண்ணீர். பங்குனி, சித்திரையில், கிணறு அடிமட்டத்துக்குப் போய் உப்பு கூடும் நேரத்தில்தான் பழம் பருக்கும். பாசனநீரின் உப்பு அளவு (மின்கடத்துதிறன்) மீட்டருக்கு ஒரு டெசிசீமன்ஸ் வரை திராட்சைக்குச் சேதமில்லை, 1.7 ஆனால் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு போகும், 4.5 ஆனால் பாதி போகும். பருத்தி தாங்குகிற உப்பைத் திராட்சை தாங்காது. 'டாக்ரிட்ஜ்' வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டினால் உப்பையும் வறட்சியையும் இன்னும் கொஞ்சம் சமாளிக்கும். மகாராஷ்டிரத்தில் அப்படித்தான் செய்கிறார்கள்.

அடுத்து மண். கோடையில் ஆள் கால் நுழையும் அளவுக்கு வெடித்து வேரை அறுப்பதும், அடைமழையில் நாள்கணக்கில் தண்ணீரைப் பிடித்துவைத்து வேரை அழுக வைப்பதும் ஒரே கரிசல்தான். சுண்ணாம்பு மிகுந்த இடமென்றால் இரும்புச் சத்து ஏறாமல் தளிர் வெளுக்கும். மேட்டுப்பாத்தியும் வடிகாலும் இல்லாமல் நடவே கூடாது. ஓடைக்கரையில் செவலோ சரளையோ கலந்த துண்டு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

ஒயினைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உரிமம் இல்லாமல் ஒயின் தயாரிப்பது, வீட்டுக்கென்றாலும், 1937 மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். தேனி மாவட்டத்தில் ஒயின் ஆலை வேண்டும் என்று விவசாயிகள் வெகுகாலமாகக் கேட்டு வருகிறார்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையே இன்னும் பெரும்பாலும் பழக்கடைக்குத்தான் போகிறது. உங்கள் ஓர் ஏக்கர் வெள்ளைத் திராட்சையை ஒயினுக்கென்று வாங்க பக்கத்தில் ஆளில்லை.

ஆகவே என் முடிவு: சோலாரிஸ் வேண்டாம், ஏக்கர் கணக்கில் எந்தத் திராட்சையும் இப்போது வேண்டாம். ஆசை விடவில்லை என்றால் டாக்ரிட்ஜில் ஒட்டிய பன்னீரோ அர்கா சோமாவோ பத்துப் பதினைந்து செடி, கிணற்றடியில் சின்னப் பந்தல் போட்டுப் பாருங்கள்; பழமாக விற்கலாம். மிளகாயையும் உளுந்தையும் கைவிடாதீர்கள். அதற்கு முன்னால் சித்திரை மாதக் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, மண்ணோடு சேர்த்துக் கோவில்பட்டி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மழைக்காலத் தண்ணீரைக் கொடுத்தால் கணக்குத் தப்பாக வரும். சீட்டு கைக்கு வந்ததும் அதிலுள்ள எண்களோடு மறுபடி எழுதுங்கள்.