குவாரி வெடியா, மாவு மில்லா?

வீட்டுக்குப் பக்கத்தில் கல்குவாரி இருந்து, ராஸ்பெர்ரி ஷேக் மாதிரி ஒரு சின்ன நிலநடுக்கக் கருவியும் வாங்கிவிட்டீர்கள் என்றால், பொருத்துவது பெரிய வேலையில்லை. தரைத்தளத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத மூலை, வெறும் சிமென்ட் தரை, அவ்வளவுதான். பாய் மேலும் மேஜை மேலும் வைக்காதீர்கள். மாடியில் வைத்தால் கட்டடத்தின் ஆட்டத்தைத்தான் அளப்பீர்கள். வைஃபை வேண்டாம், கேபிள் இழுங்கள். சின்ன யூபிஎஸ் கட்டாயம். கரண்ட் போய்ப்போய் வந்தால் முதலில் கெடுவது உள்ளே இருக்கும் மெமரி கார்டுதான்.

கருவி உலக நேரத்தில் எழுதும். ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்: திரையில் 8:00 என்றால் நமக்கு மதியம் 1:30.

இனிமேல்தான் எல்லோரும் தடுக்கி விழும் இடம். திரையில் ஒரு துடிப்பு தெரிகிறது. அது குவாரி வெடிதான் என்று எப்படிச் சொல்வது? நானே முதல் மாதம் தெருமுனை மாவு மில்லைக் குவாரிக் கணக்கில் எழுதி வைத்திருந்தேன்.

நிலநடுக்கப் புத்தகங்கள் ஒரு கணக்குச் சொல்லும்: முதலில் வரும் பி அலைக்கும் அடுத்து வரும் எஸ் அலைக்கும் எத்தனை வினாடி இடைவெளியோ, அதை எட்டால் பெருக்கினால் கிலோமீட்டர். அது தொலைவில் நடக்கும் நடுக்கத்துக்குச் சரி. இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் குவாரிக்கு அந்த இடைவெளி கால் வினாடிதான். குவாரியிலோ குழிகளை ஒரே நொடியில் வெடிப்பதில்லை. 25 மில்லிவினாடி மாதிரி இடைவெளி விட்டு வரிசையாக வெடிப்பார்கள். இருபது குழி என்றால் அதுவே அரை வினாடி. எஸ் அலை அதற்குள் புதைந்துவிடும். அதைத் தேடி ராத்திரி கண் விழிக்காதீர்கள்.

தேட வேண்டியது சத்தத்தை. அதிர்வு பாறை வழியாக வினாடிக்கு ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடி வரும். சத்தம் நம் ஊர் வெயிலில் 350 மீட்டர்தான். திரையைப் பெரிதாக்கிப் பாருங்கள். குபீரென்று எழுந்து அடங்கும் ஒரு குமிழ். ஐந்தாறு வினாடி கழித்து மயிர் மாதிரி மெல்லிய கோடுகள் கொஞ்சம். ஜன்னல் கண்ணாடி கிலுகிலுப்பதும் அலமாரி டம்ளர் பேசுவதும் பெரும்பாலும் அந்த இரண்டாவது நேரத்தில்தான். தரை ஆடியதால் அல்ல, காற்று தள்ளியதால்.

குமிழுக்கும் மெல்லிய கோடுகளுக்கும் எத்தனை வினாடி இடைவெளியோ, அதை 0.37-ஆல் பெருக்குங்கள். ஆறு வினாடி என்றால் சுமார் 2.2 கிலோமீட்டர். மேப்பில் வீட்டிலிருந்து குவாரி வரை கோடு போட்டுப் பாருங்கள். தூரம் ஒத்துவந்தால் அதுதான். லாரிக்கும் மோட்டாருக்கும் பின்னால் வரும் இந்தக் கோட்டு வால் இருக்காது. காற்று எதிர்த்திசையில் அடிக்கும் நாளில் குவாரி வெடிக்குக்கூட வால் தெரியாமல் போகலாம். அதற்காகத்தான் நோட்டுப் புத்தகம். சத்தம் கேட்டதும் செல்போன் நேரம், காற்றின் திசை, கேட்டவர் பெயர் எழுதுங்கள். நோட்டு இல்லாமல் கருவி மட்டும் வைத்திருப்பவரிடம் நான் பேசுவதே இல்லை.

வெடியால் தரை எவ்வளவு அதிரலாம் என்ற வரம்பைப் பொறுத்தவரை, சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997 சுற்றறிக்கைதான் அடிப்படை. குவாரிக்காரருக்குச் சொந்தமில்லாத வீடுகளுக்கு, அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் வினாடிக்கு 5 மில்லிமீட்டர், 8 முதல் 25 வரை 10, அதற்கு மேல் 15. அதிர்வெண்ணைப் பார்க்காமல் 5-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள்.

நம் கருவியின் எண்ணை அதிகாரி அப்படியே ஏற்கமாட்டார். மூன்று மாத நோட்டோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போய், வெடி வைக்கும் நாளில் அதிகாரிகளின் கருவியை உங்கள் வீட்டு வாசலில் வைக்கச் சொல்லி மனு கொடுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வரவேண்டும் என்பதையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.