கடல் கடக்கும் இரு கிளிகள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

கிளிகளில் பெரும்பாலானவை பிறந்த வட்டாரத்திலேயே வாழ்ந்து மடிபவை. ஆண்டுதோறும் கடல் கடந்து வலசை போகும் கிளிகள் மிகச் சிலவே. அவற்றுள் இரண்டு, ஆஸ்திரேலியாவின் ஆரஞ்சு வயிற்றுக் கிளியும் விரைவுக் கிளியும் ஆகும். இரண்டும் இன்று அழிவின் விளிம்பில் உள்ளன.

ஒற்றுமைகள்: முன்னது ஏறத்தாழ 20 செ.மீ., பின்னது 25 செ.மீ. நீளமுடையது. நம் பச்சைக்கிளியைவிட இவை சிறியவை. இரண்டும் தாஸ்மேனியத் தீவில் மரப்பொந்துகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. குளிர்காலத்தில் பாஸ் நீரிணையைக் கடந்து ஆஸ்திரேலியப் பெருநிலத்தை அடைகின்றன.

வேற்றுமைகள்: ஆரஞ்சு வயிற்றுக் கிளி தரையோரச் செடிகளின் விதைகளைத் தின்பது. குளிர்காலத்தில் அது நம்பியிருந்த கடலோர உவர்ச் சதுப்புகளில் ஒரு பகுதி அழிந்துவிட்டது. ஆயினும் அது இனப்பெருக்கத்திற்கு ஆண்டுதோறும் மெலலூகா என்னும் ஒரே இடத்திற்குத் திரும்புகிறது. 2016-இல் அங்கே திரும்பியவை 17 மட்டுமே! கூண்டில் வளர்த்த கிளிகளை அங்கே விடுவித்தும், கூடுபெட்டிகள் அமைத்தும் உழைத்ததால், 2023-இல் அவ்வெண்ணிக்கை எழுபதைத் தாண்டியது.

விரைவுக் கிளியோ பூந்தேனை நாடுவது. அதன் முதன்மை உணவு மரம் யூகலிப்டஸ் குளோபுலஸ். நம் நீலகிரியில் தைலத்திற்காக வளர்க்கப்படும் அதே மரந்தான். இம்மரங்கள் ஒவ்வோர் ஆண்டும் ஒரே இடத்தில் பூப்பதில்லை. எங்கே பூக்கின்றனவோ, அங்கேதான் அவ்வாண்டு கூடு. முதிர்ந்த மரங்கள் வெட்டப்படுவதால் பொந்துகள் குறைகின்றன. எஞ்சிய பொந்துகளிலும், மனிதரால் தாஸ்மேனியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சுகர் கிளைடர் என்னும் சிறு பைப்பாலூட்டி புகுந்து, அடைகாக்கும் தாய்ப்பறவையையே கொன்று தின்கிறது. இதனால் பெண் பறவைகள் அருகி, ஆண்கள் மிகுந்துள்ளன.

இவ்விரண்டையும் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஒரே பட்டியலில் வைத்துள்ளது. ஆனால் ஒன்றுக்கு ஏற்ற மருந்து மற்றொன்றுக்குப் போதாது. ஓரிடத்திற்கே திரும்பும் பறவைக்கு அவ்விடத்தில் காவலும் கூடுபெட்டியும் பயன்தரும். பூவைத் தேடி அலையும் பறவைக்கோ, இவ்வாண்டு பூக்காத காட்டையும் அடுத்த ஆண்டுக்காகக் காக்கவேண்டும். பொந்து உண்டாக ஒரு மரத்திற்கு நூறாண்டுக்கு மேலும் ஆகலாம். அதை வெட்டிச் சாய்க்க ஒரு நாள் போதும்.

எனவே, ஓர் உயிரினத்தைக் காக்க விரும்புவோர் அதன் எண்ணிக்கையை மட்டும் அறிந்தால் போதாது. அது வாழும் முறையையும் அறியவேண்டும். விலங்கியல் பயிலும் நம் கடமையும் அதுவே.