நர்சம்மா வேறு, ஸ்டாஃப் நர்ஸ் வேறு

நம்பிக்கை: ஏ.என்.எம். (துணைச் செவிலியர், மகப்பேறு) படிப்பை முடித்துவிட்டு நாலைந்து வருடம் ஆஸ்பத்திரியில் இருந்தால் ஸ்டாஃப் நர்ஸ் ஆகிவிடலாம்.

உண்மை: ஆக முடியாது. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் முடியாது. 2 வருட ஏ.என்.எம். படிப்பு துணைச் சுகாதார நிலையத்தை மனதில் வைத்து அமைந்தது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது அந்த நிலையங்களுக்கான அளவு. கர்ப்பிணியைப் பதிந்து பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) தருவது, தடுப்பூசி, குடும்பநலம், வீடு வீடாக விசாரிப்பது என்று ஊரே 'நர்சம்மா' என அழைக்கும் கிராம சுகாதார செவிலியர் இந்தப் படிப்பிலிருந்துதான் வருகிறார். வார்டு, ஆபரேஷன் தியேட்டர், ஐ.சி.யு. என்றால் குறைந்தது 3 வருட ஜி.என்.எம். (பொதுச் செவிலியர், மகப்பேறு பட்டயம்) வேண்டும். செவிலியர் கவுன்சிலும் இரு சாராரையும் தனித்தனியாகத்தான் பதிகிறது.

ஏ.என்.எம். முடித்தவர் ஜி.என்.எம். சேரலாம், ஆனால் முதல் வருடத்திலிருந்து. வார்டு வேலைதான் ஆசை என்றால் "முதல்ல இதை முடிக்கட்டும்" என்று பெண்ணை ஏ.என்.எம்.மில் சேர்ப்பது வீண் சுற்று. ஊர் ஊராகப் போய்ப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாயைக் கவனிக்கும் வேலை பிடிக்கும் என்றால் கதை வேறு. அதைக் குறைந்த வேலை என்று நினைப்பவர்கள் ஒரு தடுப்பூசி நாளில் அங்கன்வாடிப் பக்கம் போய்ப் பார்க்கலாம்.

நம்பிக்கை: பி.எஸ்சி. நர்சிங் படித்தவர்தான் முழு நர்ஸ்.

உண்மை: 4 வருட பி.எஸ்சி., 3 வருட ஜி.என்.எம். இரண்டுக்கும் கிடைப்பது ஒரே பதிவு. அரசு மருத்துவமனை ஸ்டாஃப் நர்ஸ் பணிக்கு இருவருமே விண்ணப்பிக்கலாம். பின்னாளில் எம்.எஸ்சி., கல்லூரியில் பாடம் நடத்துவது என்று போக நினைத்தால்தான் ஜி.என்.எம். காரர் இடையில் 2 வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்தாக வேண்டும். கையில் இருக்கும் பணத்தையும் அந்தக் கூடுதல் ஒரு வருடத்தையும் வைத்து முடிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டார் பேச்சை வைத்து அல்ல.

நம்பிக்கை: பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு வருட சர்ட்டிஃபிகேட்டும் நர்சிங்தானே?

உண்மை: உதவியாளர் வேலை கிடைக்கலாம், கவுன்சில் பதிவு கிடைக்காது. அந்தப் பதிவு இல்லாதவர் சட்டப்படி நர்ஸ் இல்லை. பணம் கட்டும் முன் இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு கவுன்சில் அங்கீகாரக் கடிதங்களை இந்த ஆண்டுத் தேதியோடு காட்டச் சொல்லுங்கள். 'வந்துகொண்டிருக்கிறது' என்று பதில் வந்தால் கிளம்பிவிடுங்கள்.