வியூகமும் வீரர்களும்

அடுத்த ஆட்டத்தில் யாரை எங்கே நிறுத்துவது? இராயபுரத்தில் பந்தாடும் எங்களுக்குள் ஓயாத வழக்கு இது. முன்வரிசையில் ஆடிய என்னைப் பின்காவலுக்கு அனுப்பியபோது நானும் முகம் சுளித்தவன்தான்.

1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் நாட்டுக் கால்பந்து அணி முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்றது. பிறகு தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட நேர்ந்தது. பயிற்சியாளர் ரஹீம் அவரை ஒதுக்கவில்லை. முன்வரிசை நடுவில் நிறுத்தினார். அரையிறுதியில் ஜர்னைல் ஒரு கோல் போட்டார். இறுதியாட்டத்தில் பி. கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. அதே தென்கொரியாவை 2-1 என வென்று தங்கம் பெற்றோம்.

இருக்கும் ஆட்களையும் எதிரணியையும் பார்த்து அமைப்பதே வியூகம். தடுப்பவர் கோல் போடலாமெனில், கோல் போடுபவன் தடுக்கலாகாதா? அடுத்த ஆட்டத்தில் பின்காவலில் மனமுவந்து நிற்பேன்.